வோபான் கோட்டை கிட்: சுவர் சரி, தரை எங்கே?

பொதுப்பணித்துறையில் மதகு, ரெகுலேட்டர், சைபன் என்றே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். என் கையில் கோட்டை மாதிரியைக் கொடுத்தால் சுவரை அப்புறம்தான் பார்ப்பேன், அது உட்கார்ந்திருக்கிற தரையை முதலில் பார்ப்பேன். அந்தப் புத்தியோடுதான் இந்த விமர்சனத்தையும் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பொருள் இதுதான்: பிரான்சில் ரைன் ஆற்றுப் பக்கம் இருக்கும் நெஃப்-பிரிசாக் என்ற கோட்டை நகரத்தை 2000இல் ஒரு பங்காகச் சுருக்கி, லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டுகளாகப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். ஒட்டி முடித்தால் எட்டு மூலை நட்சத்திரம். கூடவே, அதை வடிவமைத்த செபாஸ்தியான் லெ பிரெத்ர் த வோபானின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கிலக் கையேடு ஒன்று. விலை 1,850 ரூபாய், கூரியர் தனி. எட்டாவது படிக்கும் பேத்திக்காக ஆன்லைனில் வாங்கினேன், மயிலாடுதுறைக்கு அடிபடாமல் வந்து சேர்ந்தது. கம்பெனி பெயரை எழுதவில்லை. குறைகள் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள், பிழைத்துப் போகட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு சுத்தம். துண்டுகளின் காதும் துளையும் சரியாகப் பொருந்துகின்றன. ஐப்பசி மழை ஈரத்தில் எம்.டி.எஃப். லேசாக ஊதிக்கொள்ளும், அப்போது மட்டும் காதை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் உள்ளே போய்விடும். லேசர் சுட்ட ஓரம் கரியாக இருப்பதால் விரலெல்லாம் கறுப்பாகும், பழைய துணி பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியில் கொடுக்கும் பசை தண்ணீர் மாதிரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபெவிகால் வைத்துக்கொண்டோம். சுவருக்கு ஒட்டும் தாளில் கல் வரிசை அழகாக அச்சாகியிருக்கிறது. சுவருக்கு வெளியே அகழிக்குள் நிற்கும் பிறை மேடு எட்டில் இரண்டுக்கு நம்பர் மாறிக் கிடந்தது. பேத்திதான் கண்டுபிடித்தாள், நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கோட்டைக்குள்ளே நடுவில் பெரிய திடல், சுற்றிலும் கட்டம் கட்டமாக 48 மனைத் தொகுதி, நான்கு வாசல். வாசல் பெயர்களை பிரெஞ்சிலேயே அச்சடித்திருந்தார்கள். காரைக்காலில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. வீட்டுக்கு வந்தவர் வாசல் பெயர்களைக் கணீரென்று வாசித்துக் காட்டினார்: போர்ட் த கோல்மார், போர்ட் த பெல்ஃபோர். வாசித்துக்கொண்டே வந்தவர் அகழியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"ஏன் சார் நீலமா அடிச்சிருக்காங்க? அங்க தண்ணி ஏது? புல்லுதான். நாங்கல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ளயே நடந்து சுத்தியிருக்கோம்."

அகழி என்றாலே நீலம் என்று எவனோ கம்ப்யூட்டரில் பெயிண்ட் அடித்துவிட்டான். மறுநாளே பச்சை பெயிண்ட் வாங்கி அடித்தோம். உலர்ந்த அகழி ஒரு விதம், நீர் அகழி ஒரு விதம். எங்கே எது என்பதை மண்ணும் நிலத்தடி நீரும் சொல்லும். வோபான் அதைக் கேட்டு வேலை செய்த ஆள், அவர் பெயரில் வரும் பொருளில் இந்தத் தப்பு இருக்கக் கூடாது.

சுவர் அமைப்பு மட்டும் குறை சொல்ல முடியாதபடி வந்திருக்கிறது. பழைய காலத்து வட்டக் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் காலடிக்கு எதிரி வந்து ஒண்டிக்கொண்டால் மேலே நிற்பவனுக்குத் தெரியாது, பக்கத்துக் கோபுரத்திலிருந்தும் குறி வைக்க முடியாது. அதை ஒழிக்கத்தான் முக்கோண மூக்கு வைத்த கொத்தளம் வந்தது. ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் நிற்கும் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் முகத்தை முழுக்கப் பார்த்துக்கொள்ளும். ஒளிய மூலையே கிடையாது. இந்த யோசனை வோபானுடையது என்று கையேடு சொல்கிறது. அபாண்டம். அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே இத்தாலியர்கள் இப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெஃப்-பிரிசாக்கில் அவர் செய்தது அதற்கு அடுத்த படி. உள்ளே நகரத்தைச் சுற்றி ஒரு சுவர், அதன் மூலைகளில் கோபுரம் மாதிரியான சின்னக் கொத்தளங்கள். அதிலிருந்து பிரிந்து வெளியே பெரிய கொத்தளங்களின் வளையம் தனியாக. வெளி வளையம் விழுந்தாலும் உள்சுவர் நிற்கும். மாதிரியில் இந்த இரண்டு வளையத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. விரலை விட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கோட்டை வந்த காரணமும் நல்ல கதை. ரைனின் அந்தக் கரையில் இருந்த பழைய பிரிசாக் கோட்டை பிரான்சிடம் இருந்தது. 1697இல் ரிஸ்விக் ஒப்பந்தப்படி அது கைவிட்டுப் போனது. உடனே இந்தக் கரையில் புதிதாகக் கட்டு என்றார் பதினான்காம் லூயி. வோபான் மூன்று திட்டம் போட்டுக் கொடுத்தார். ராஜா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார், இருப்பதிலேயே செலவு அதிகமானது அதுதான். எங்கள் ஆபீஸில் மூன்று எஸ்டிமேட் அனுப்பினால் எது ஒப்புதலோடு திரும்பி வரும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கல் கொண்டு வருவதற்கென்றே வோஷ் மலையடிவாரத்திலிருந்து கால்வாய் வெட்டினார்கள். அந்தக் கால்வாய் மாதிரியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. 1703இல் நடந்ததையும் விட்டுவிட்டார்கள். எழுபது வயதில் வோபான் அந்தப் பழைய பிரிசாக்கை முற்றுகையிட்டுப் பிடித்தார். முன்பு பிரான்சுக்காக அதைப் பலப்படுத்தியதும் அவரேதான். அந்தச் சுவரின் எந்த இடம் எப்படி என்று அவரை விட யாருக்குத் தெரியும்?

இனி என் பிரதான புகார். கோட்டையை ஒட்டி முடித்ததும் பேத்தி கேட்டாள், "இதை எப்படி தாத்தா பிடிப்பாங்க?" நல்ல கேள்வி. வோபான் கோட்டை கட்டிய கீர்த்தியை விட, கோட்டை பிடித்த கீர்த்தி பெரிது. ஐம்பதுக்கு அருகே முற்றுகைகளில் இருந்தவர். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகரத்தை 13 நாளில் பணிய வைத்தார். அங்கே அவர் செய்து காட்டியதுதான் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பா முழுக்கப் பாடமானது. கோட்டையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளி, அதாவது பீரங்கிக்கு எட்டாத எல்லையில், கோட்டைச் சுவருக்கு இணையாக நீளப் பள்ளம் வெட்டுவது. அதுதான் முதல் பதுங்குகுழி வரிசை. அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறிப் பாதித் தூரத்தில் இரண்டாவது வரிசை. அப்படியே மூன்றாவது, கோட்டைக்கு வெளியே இருக்கும் மண் சரிவின் காலடியில். ஒவ்வொரு வரிசையிலும் ஆட்கள் பாதுகாப்பாகக் குவிந்து நிற்கலாம், உள்ளேயிருந்து பாய்ந்து வருகிறவர்களைத் தடுக்கலாம். கிரீட் தீவில் நடந்த கேண்டியா முற்றுகையில் துருக்கியர் வெட்டிய பள்ளங்களைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்பாரும் உண்டு. இருந்தாலும் அதை நாள் கணக்குப் போட்டு, அளவு வைத்து, எவனும் செய்யக்கூடிய வேலையாக மாற்றியது வோபான்தான்.

சரி, பேத்திக்குச் செய்து காட்டலாம் என்று ஸ்கேலை எடுத்தேன். 600 மீட்டர் என்பது இந்த அளவில் 30 சென்டிமீட்டர். கொடுத்திருக்கிற அடிப்பலகையோ கோட்டைக்கு வெளியே ஐந்து சென்டிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. முதல் வரிசை பலகையை விட்டிறங்கித் திண்ணையில் விழுகிறது! இரண்டாவதும் அப்படியே. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எந்த நிலத்தை அளந்து அளந்து பார்த்தாரோ, அந்த நிலத்தைச் செலவு மிச்சம் என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் பலகையும் மொழுமொழுவென்று தட்டை. கோட்டைக்கு வெளியே இருக்கவேண்டிய நீண்ட மண் சரிவு வெறும் பச்சைக் கோடாக அச்சாகியிருக்கிறது.

அந்தச் சரிவு அலங்காரத்துக்கு இல்லை. அகழியில் வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி, மெல்ல இறங்கும் மேடாகச் சமன் செய்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் அந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும், பீரங்கிக் குண்டு சுவரின் அடியில் படாது. மேட்டில் ஏறி வருகிறவனோ உள்ளேயிருக்கும் அத்தனை துப்பாக்கிக்கும் நேர் எதிரே வருவான். செங்கல் சுவரை விட அந்த மண்தான் கோட்டையைக் காத்தது. அதைக் கோடாகப் போட்டவர்களை என்ன செய்வது!

இத்தனைக்கும் இந்த மாதிரித் தொழிலே அந்த ராஜா காலத்தில் தொடங்கியதுதான். 1668இல் போர் மந்திரி லூவுவா, எல்லைக் கோட்டைகளை மாதிரியாகச் செய்து வைக்கச் சொன்னார். 600இல் ஒரு பங்கு அளவு. மரம், தாள், பட்டு, மணல் எல்லாம் வைத்துச் செய்தார்கள். பாரிஸில் இன்வாலித் மாளிகையில் இன்றைக்கும் அவை இருக்கின்றன. கோட்டையை மட்டும் செய்து நிறுத்தவில்லை, பீரங்கி எட்டும் தூரம்வரை வயல், மேடு, ஓடை, தோப்பு எல்லாவற்றையும் அளந்து வைத்தார்கள். ராஜா அரண்மனையில் உட்கார்ந்தபடியே எதிரி எங்கிருந்து தாக்குவான் என்று பார்க்கவேண்டும் அல்லவா? முந்நூற்றைம்பது வருஷம் முன்னால் செய்ததை லேசர் வைத்திருப்பவர்கள் செய்யவில்லை.

ஆகவே தரையை நாங்களே போட்டோம். பழைய கதவுப் பலகை ஒன்று பரணில் கிடந்தது. அதில் கோட்டையை நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக வைத்து, எதிர்ப்பக்கம் நிலத்துக்கு இடம் விட்டேன். வண்டலைச் சலித்து உமி கலந்து பிசைந்தால் காயும்போது வெடிக்காது. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வாங்கி நாலு மூலையும் மட்டம் பார்த்தோம். பேத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, உங்க பக்கம் தண்ணி கூட நிக்குது" என்று கத்தியதில் பக்கத்து வீடே எட்டிப் பார்த்தது. உயரத்தை மட்டும் மூன்று மடங்காகக் கூட்டினோம். இல்லாவிட்டால் 2000இல் ஒரு பங்கில் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆற்றுக்கு நீளவெட்டு வரையும்போது நாங்கள் எப்போதும் செய்கிறதுதான், கிடைக்கு ஒரு அளவு, உயரத்துக்கு வேறு அளவு.

மண் பாதி காய்ந்ததும் ஈர்க்குச்சியால் பள்ளம் கீறினாள். முதல் வரிசையிலிருந்து கோட்டையைப் பார்த்து நேர்கோடாகக் கீறப்போனவளை நிறுத்தினேன். "ஏன் நேராப் போகக் கூடாது? சீக்கிரம் போயிடலாமே." கொத்தள முனையில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து, அவள் கீறவிருந்த கோட்டின் மேல் கிடத்தினேன். குச்சி பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அப்படியே உள்ளே விழுந்தது. உள்ளே வரிசையாக நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரே குண்டு. அவள் கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எந்தக் கொத்தளத்திலிருந்து குச்சி வைத்தாலும் பள்ளத்துக்குள் விழாதபடி கோணலாக ஒரு கோடு, திரும்பி இன்னொரு கோடு என்று தானே வளைத்துக்கொண்டு போனாள். 1,850 ரூபாய் அந்த இடத்தில் செரித்தது. ஆனால் அந்த இடத்தை விற்றவன் தரவில்லை, கதவுப் பலகை தந்தது.

இதே வித்தையைத் திருப்பிப் போட்டதுதான் வோபானின் தத்தும் குண்டு. 1688இல் பிலிப்ஸ்பர்க் முற்றுகையில் பயன்படுத்தினார். மருந்தைக் குறைத்துப் போட்டு, கோட்டை மதில் மேல் நீளவாக்கில் குண்டை இறக்குவது. குளத்தில் ஓட்டாஞ்சில்லு போவது போலத் தத்தித் தத்திப் போய் வரிசையாக நிற்கும் பீரங்கிகளைச் சாய்த்துவிடும். மருந்தும் மிச்சம், ஆளும் மிச்சம். ஆள் மிச்சம் என்பதில் அவர் கடைசிவரை கண்ணாக இருந்தார். அவசரப்பட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடிச் சாகும் பிரபுக்களை அவருக்குப் பிடிக்காது. 1697இல் ஆத் நகரத்தை இரண்டு வாரத்தில், மிகக் குறைந்த உயிர்ச்சேதத்தோடு பிடித்தார். அவரே 1667இல் துவே முற்றுகையில் கன்னத்தில் குண்டுபட்டவர். படங்களில் இடது கன்னத்தில் தெரியும் தழும்பு அதுதான்.

முற்றுகை என்றதும் நம் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொண்டேன். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லல்லி தஞ்சாவூர்க் கோட்டையை வந்து வளைத்தார். பிரெஞ்சுப் படைதான், வோபான் நாட்டுக்காரர்கள்தான். வெடிமருந்து போதவில்லை, சோறும் போதவில்லை, கடலில் இங்கிலீஷ்காரன் கப்பல் வந்துவிட்டது என்ற சேதி வேறு. காரைக்காலுக்குத் திரும்பிப் போனார். வோபான் ஒவ்வொரு முற்றுகைக்கும் முன்னால் குண்டு, மருந்து, மண்வெட்டி, மண்மூட்டை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார். வேலை தொடங்குவதற்கு முன் சாமான் சைட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தரங்கம்பாடிக்கும் கூட்டிப் போனேன். 1620இல் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க், வோபான் பிறப்பதற்கு முந்தியது. சின்னதுதான். ஆனால் மூலைக் கொத்தளத்தில் ஏறி நின்று பக்கத்துச் சுவரின் அடி தெரிகிறதா என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். வண்டியிலேயே போய்விட்டு வரலாம். இந்த கிட் வாங்குகிற டெல்டாக்காரர்கள் யாராக இருந்தாலும் அங்கே ஒரு நடை போய் வாருங்கள், கையேட்டை விட உபயோகம்.

கையேட்டுக்கு வருகிறேன். பிறந்தது 1633, பர்கண்டியில் செயின்ட்-லெஜே என்ற சிற்றூர், வசதியில்லாத சிறு பிரபுக் குடும்பம். பதினெட்டு வயசுக்குள் கோந்தே இளவரசரின் கலகப் படையில் சேர்ந்தார், 1653இல் ராஜாவின் படையிடம் பிடிபட்டார், முதல் மந்திரி மசாரின் அவரை ராஜா பக்கம் திருப்பிக்கொண்டார். 1655இல் ராஜாவின் பொறியாளர், 1678இல் கோட்டைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி, 1688இல் லெப்டினன்ட் ஜெனரல், 1703இல் மார்ஷல். எல்லாம் சரியாகவே இருக்கிறது. வரிசையாக உத்தியோக உயர்வு ஆர்டர் நகல் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். ஆள் எங்கே?

வருஷத்தில் பெரும்பகுதி சாலையிலேயே இருந்தவர் அவர். இரண்டு கோவேறு கழுதைகளுக்கு நடுவே தொங்கும் மூடு பல்லக்கு ஒன்று வைத்திருந்தார், அதிலேயே உட்கார்ந்து எழுதுவார், வரைவார், கடிதத்துக்குக் கடிதம் பதில் போடுவார். மாஸ்ட்ரிக்ட் வெற்றிக்குக் கிடைத்த வெகுமதியில் பசோஷ் மாளிகையை வாங்கினார், ஆனால் அங்கே தங்கியது சொற்பம். அவருக்குப் பயணப்படி பில் எழுதிக் கொடுத்த குமாஸ்தாவை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய விடுபடல், 1683 ஜூலை 17ஆம் தேதி பெல்-ஈல் தீவிலிருந்து லூவுவாவுக்கு அவர் எழுதிய கடிதம். பிரான்சில் கட்டடக்காரர்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டும் கடிதம் அது. சாரம் இதுதான்: ஒப்பந்தங்களை முறிப்பது, கொடுத்த வாக்கை மீறுவது, மறுபடி மறுபடி ஏலம் விடுவது, இதனால் உங்களிடம் வருகிறவர்கள் போக்கிடம் இல்லாதவர்களும் அயோக்கியர்களும் வேலை தெரியாதவர்களும்தான், தெரிந்தவன், நாணயமானவன் ஓடிப்போகிறான், வேலை தாமதமாகிறது, தரம் கெடுகிறது, கடைசியில் செலவும் கூடுகிறது, வேலைக்கு உரிய விலையைக் கொடுங்கள், கடமையைச் செய்கிற ஒப்பந்தக்காரனுக்கு நியாயமான கூலியைக் கொடுக்க மனம் கோணாதீர்கள், அதுதான் எப்போதும் லாபமான பேரம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மதகு ஞாபகம் வந்தது. வாய்க்கால் பெயரைச் சொல்லமாட்டேன். எஸ்டிமேட்டை விட இருபத்தைந்து பர்சென்ட் லெஸ் போட்டு ஒருவர் டெண்டரை எடுத்தார். அந்த ரேட்டில் ஜல்லியும் சிமென்ட்டும் வாங்கினாலே கையைக் கடிக்கும் என்று குறிப்பு எழுதினேன். கோப்பு போன வேகத்தில் திரும்பி வந்தது, குறைந்த புள்ளிக்குக் கொடு என்று. முதல் தண்ணீர் திறந்ததும் கீழ்ப்பக்கத் தளம் பெயர்ந்து, ஷட்டர் தூண் ஒரு பக்கம் சாய்ந்தது. மூட்டை அடுக்கி அந்தப் பருவத்தை ஓட்டினோம். திரும்ப எஸ்டிமேட், திரும்ப டெண்டர். வோபானின் கடிதம் அப்போது கையில் இருந்திருந்தால் குறிப்போடு நகல் இணைத்திருப்பேன். அதனால் ஒன்றும் நடந்திருக்காது, இருந்தாலும் கோப்பில் கிடந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. தெற்கு பிரான்சில் ரிக்கே என்பவர் வெட்டிய மிதி (Midi) கால்வாய் 1681இல் திறந்தது. ரிக்கே அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கால்வாயின் குறுக்கே வரும் ஓடைகள் உள்ளே விழுந்து வண்டலை நிரப்பிக்கொண்டிருந்தன. 1686இல் வோபான் வந்து பார்த்து, ஓடையைக் கால்வாயில் விடாதே, அடியில் கொண்டு போ என்று வரிசையாக அக்யூடக்ட்டும் (கால்வாயை ஓடைக்கு மேலே தாங்கும் பாலம்) அடிமதகும் கட்டச் சொன்னார். கல்லணைக் கால்வாய் ஓரம் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். காட்டாறு குறுக்கிடும் இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். காட்டாற்றை உள்ளே விட்டால் அடுத்த கோடையில் தூர்வாரிக்கொண்டே இருக்கவேண்டும்.

ராணுவப் பொறியாளர் தண்ணீர் வேலைக்கு வருவது நமக்கும் புதிதில்லை. 1830களில் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டன் மதராஸ் இன்ஜினியர்ஸ் படைக்காரர், பின்னாளில் ஜெனரல். அந்த இனமே வேறு. வோபான் லீல் நகரத்துக் கோட்டையைச் சதுப்பு நிலத்தில் கட்டினார், எதிரி வந்தால் மதகைத் திறந்து சுற்று வட்டாரத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்கும்படி. படை வரக்கூடிய பக்கத்தைத் தண்ணீர் குறைத்துவிடும், மிச்சப் பக்கத்துக்குக் காவல் போட்டால் போதும். சேறு எதற்கு உதவும் என்று நம் ஊர்க்காரனுக்குத் தெரிந்த மாதிரி அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பேத்திக்குப் பிடித்தது பன்றிக் கணக்கு. ஒரு பெண் பன்றி பத்து வருஷத்தில் எத்தனை சந்ததி தரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார், விடை 60 லட்சத்துக்கு மேல். ஏழைக் குடியானவன் வீட்டில் கறி வேகவேண்டும் என்பது நோக்கம். ஜனத்தொகை எடுக்கப் படிவம் வரைந்தார். மதத்துக்காகத் துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட்டுகளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று 1689இல் குறிப்பு எழுதினார், அந்த ராஜாவிடம் அதைச் சொல்ல நெஞ்சு வேண்டும். ஊர் ஊராகச் சுற்றியவர் கண்ணில் பட்டதெல்லாம் பஞ்சம். ஜனங்களில் பத்தில் ஒரு பங்கு பிச்சையெடுக்கும் நிலையில் இருப்பதாக எழுதினார். பிரபுவும் பாதிரியும் உட்பட எல்லோரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஒரே வரி கட்டட்டும் என்று திட்டம் போட்டு, அனுமதி வாங்காமல் அச்சடித்தார். 1707 தொடக்கத்தில் அதைத் தடை செய்தார்கள். மார்ச் 30ஆம் தேதி செத்துப்போனார். ஐம்பது வருஷம் கோட்டை கோட்டையாகக் கட்டிக் கொடுத்தவருக்கு வரிக் கணக்கில் கை வைத்ததும் கிடைத்த மரியாதை அது. நூறு வருஷம் கழித்து, 1808இல் நெப்போலியன் அவருடைய இதயத்தை எடுத்து வந்து இன்வாலித்தில் வைத்தார். 2008இல் யுனெஸ்கோ அவருடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, நெஃப்-பிரிசாக் அதில் ஒன்று. இந்த 12 மட்டும் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

விற்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: அகழி நிறத்தை மாற்றுங்கள், பலகையை மூன்று மடங்கு பெரிதாக, சரிவோடு கொடுங்கள், கூட நூறு ரூபாய் ஆனாலும் பரவாயில்லை. பதில் மரியாதையாக வந்தது. பெரிய பலகை கூரியரில் உடையும் சார், அதுவும் இல்லாமல் யாரும் இதுவரை கேட்கவில்லை சார். அடுத்து லீல் கோட்டை வருகிறதாம், ஐந்து முனை. சதுப்பு இருக்குமா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பத்து வயசுக்குக் கீழே வேண்டாம், துண்டுகள் பொடி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அரை மார்க் அந்த இரட்டை வளையத்துக்காக. கையேட்டைப் பிரிக்காமல் வைத்தாலும் நஷ்டமில்லை. தரைக்கு வண்டல் வேண்டுமென்றால் பிள்ளையார் பொம்மை செய்கிறவரிடம் ஒரு கூடை சொல்லி வையுங்கள். சதுர்த்தி நெருக்கத்தில் கேட்டால் தரமாட்டார், தை பிறந்து போனால் சலித்தே கொடுப்பார்.